காலடியில் ஒரு குளிர்காற்று

சிங்கப்பூரில் ஏது குளிர்காலம் என்று ஊரில் உள்ள சொந்தக்காரர்கள் கேட்பார்கள். இங்கு பதிவான மிகக் குறைந்த வெப்பநிலைகளில் ஒன்றே 19.4 டிகிரி செல்சியஸ்தான்; அதுவும் 1934 ஜனவரி இறுதியில். ஆனால் டிசம்பரிலும் ஜனவரியிலும் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் கொட்டும்போது, மூட்டுவலி உள்ளவர்களுக்கு 23 டிகிரியே போதும்.

அப்பாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஞாயிறு காலையில் தேக்கா சந்தைக்குப் போய் மீன் வாங்குவதுதான் வாரத்தில் அவருக்கு முக்கியமான வேலை. கடந்த மழைக்காலத்தில் தொடர்ந்து இரண்டு வாரம், “நீங்க போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

“கார்ல உட்கார்ந்தா கால்ல சில்லுன்னு காத்து அடிக்குது. ஏர்கானை அணைச்சாலும் நிக்க மாட்டேங்குது.”

வயதானால் அப்படித்தான் தோன்றும் என்றார்கள் வீட்டில். காரை சர்வீஸ் செய்த பணிமனையில், ஏர்கான் நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வானொலி நிலையத்தில் எங்கிருந்தோ இரைச்சல் கேட்டால், கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்போம். எதை அணைத்ததும் இரைச்சல் நிற்கிறதோ, அதுதான் காரணம். காற்றையும் அப்படியே தேடினேன்.

முதலில் கதவு ரப்பர். ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பார்த்தேன். எளிதில் உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் தேய்ந்துவிட்டது என்று பொருள். நான்கு கதவுகளிலும் காகிதம் இறுக்கமாகவே நின்றது.

அடுத்து, தங்கையை ஓட்டச் சொல்லிவிட்டு அப்பாவின் இருக்கையில் உட்கார்ந்தேன். தீவு விரைவுச்சாலையில் கார் வேகமெடுத்தது. ஏர்கானும் ஃபேனும் அணைந்திருந்தன. டிஷ்யூவை நீளமாகக் கிழித்துக் கதவோரம் பிடித்தேன், அசையவில்லை. டேஷ்போர்டில் இருக்கும் சிறு பெட்டிக்குக் கீழே கொண்டுபோனதும் படபடவென்று ஆடியது. வெளிக்காற்றை அடைக்கும் பொத்தானை அழுத்தியதும் ஆட்டம் குறைந்தது.

கார் ஓடும்போது முன்கண்ணாடியின் அடிப்பகுதியில் காற்றழுத்தம் கூடுகிறது. வெளிக்காற்று உள்ளே நுழையும் வழியும் அங்கேதான் இருக்கிறது. அதனால் ஃபேன் ஓடாவிட்டாலும் காரின் வேகமே காற்றை உள்ளே தள்ளும். பல கார்களில் அந்தக் காற்றை வடிகட்டும் ஃபில்டர், முன்னிருக்கைப் பயணியின் காலுக்கு எதிரே, அந்தச் சிறு பெட்டிக்குப் பின்னால் இருக்கும்.

வீடு திரும்பியதும் பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். ஃபில்டரின் மூடி ஒரு பக்கம் சரியாக மாட்டப்படாமல் விலகி நின்றது. ஃபில்டரை மாற்றியவர்கள் மூடியை முழுதாக அழுத்தவில்லை. விரலால் அழுத்தினேன், ‘டக்’ என்று பொருந்திக்கொண்டது. ஒரு வெள்ளிகூடச் செலவில்லை.

அந்தப் பொத்தானை எப்போதும் அழுத்தியே வைத்துவிட்டால் போதாதா என்று தங்கை கேட்டாள். போதாது. மழையில் ஏர்கானும் போடாமல் உள்காற்றையே சுற்றவிட்டால், நம் மூச்சின் ஈரம் கண்ணாடியில் படிந்து சாலையை மறைக்கும். நெடுந்தூரம் போனால் கரியமில வாயு கூடி ஓட்டுநருக்குத் தூக்கம் வரும். இன்னொன்று: காற்று காரின் பின்பக்கத்திலிருந்து, புகை வாடையோடு வந்தால் நாமே தேடிக்கொண்டிருக்கக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்து. உடனே பணிமனைக்குப் போய்விட வேண்டும்.

வீட்டுப் பெரியவர்கள் குளிர்கிறது என்று சொன்னால் சால்வையை எடுத்து நீட்டுவது எளிது. ஆனால் அதோடு அவர்கள் சொன்னது உண்மையா என்று யாரும் பார்ப்பதில்லை. பிறகு அவர்களும் சொல்வதை நிறுத்திவிட்டு, வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அப்பாவின் முழங்கால் எங்கள் எல்லோருக்கும் முன்பே ஓர் உண்மையான கோளாறைக் கண்டுபிடித்திருந்தது.

அடுத்த ஞாயிறு தேக்காவில் கொடுவா மீனுக்குப் பேரம் பேசியது அவர்தான்.