மலைக்குள் போன ரயில் எங்கே?

ஜெர்மனியின் துறைமுக நகரமான ஹாம்பர்க்கில், கால்வாய் ஓரமாக வரிசைகட்டி நிற்கின்றன பழைய செங்கல் கிடங்குகள். ஒரு காலத்தில் காபிக் கொட்டையும் மசாலாவும் தரைவிரிப்பும் குவிந்து கிடந்த ஷ்பைஷர்ஷ்டாட் பகுதி இது. அந்தக் கிடங்குகளுக்கு உள்ளேதான் ஓடுகின்றன 1,000-க்கும் அதிகமான குட்டி ரயில்கள்!

இதன் பெயர், மினியேச்சர் வுண்டர்லாந்து. ஃப்ரெடரிக் பிரவுன், கெரிட் பிரவுன் என்ற இரட்டையர் 2001-ல் திறந்தது. அதற்கு முந்தைய வருடம் சூரிச் நகரில் ஒரு மாடல் ரயில் கடைக்குள் நுழைந்த ஃப்ரெடரிக்குக்குச் சின்ன வயசு ஆசை திரும்பிவிட்டது. உடனே அண்ணன் தம்பி இருவரும் களத்தில் இறங்கிவிட்டார்கள்.

இங்கே எல்லாமே நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. மனிதர்களின் உயரம் 2 சென்டிமீட்டர்தான். 15 நிமிடத்தில் ஒரு பகலும் இரவும் முடிந்துவிடும். விளக்குகள் அணைந்து, குட்டி ஜன்னல்களில் வெளிச்சம் தெரியும்போது கூட்டம் அப்படியே அமைதியாகிவிடும்.

ஆனால், கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் நின்று பாருங்கள். சுவிட்சர்லாந்து மலைக்குள் சரக்கு ரயில் ஒன்று நுழையும். வெளியே வருவதோ வேறொரு பயணிகள் ரயில்! பெரியவர்கள் கவனிக்காமல் நகர்ந்துவிடலாம். குழந்தைகள் விடமாட்டார்கள். “அந்த ரயில் எங்கே போச்சு?”

எங்கும் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பல சைடிங்குகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஜெர்மன்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர், ‘நிழல் ரயில் நிலையம்’. வரும் ரயிலுக்குக் காலியான பாதையைத் தேடி, பாயின்ட்டை மாற்றி, வேகத்தைக் குறைத்து நிறுத்துவது கம்ப்யூட்டர். பிறகு, காத்திருக்கும் இன்னொன்றை வெளியே அனுப்பும். சொல்லப்போனால், கண்ணுக்குத் தெரியும் ஊரைவிட இந்த இருட்டு யார்டுதான் பெரிய சாமர்த்தியம்.

நம் ஊர் ஸ்டேஷன் மாஸ்டர் ‘லைன் கிளியர்’ வாங்குவாரே, அதே கதைதான். தண்டவாளம் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டில் ஒரு ரயில்தான். இன்ஜின் நிற்கும் துண்டில் மின்சாரம் செலவாகும். அதை வைத்தே அங்கே ஆள் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் புரிந்துகொள்ளும்.

இதில்தான் சிக்கலும். கொக்கி கழன்று ஒரு பெட்டி மட்டும் பின்தங்கிவிட்டால்? அது மின்சாரம் எடுக்காது. பாதை காலி என்று நம்பி அடுத்த ரயிலை அனுப்பிவிட்டால் மோதல்தான். அதனால், மாடல் ரயில் கட்டுபவர்கள் பெட்டிச் சக்கரங்களின் அச்சிலும் குட்டி மின்தடை ஒன்றை வைத்துவிடுவார்கள். துளியூண்டு மின்சாரம் போனாலும் போதும், பெட்டி மாட்டிக்கொள்ளும்! தூசி இன்னொரு எதிரி. தண்டவாளத்தில் அழுக்கு படிந்தால் ரயில் திணறி நின்றுவிடும்.

ஆகவே, இத்தனை கம்ப்யூட்டர் இருந்தும் ஆட்களுக்கு வேலை போகவில்லை. கட்டுப்பாட்டு அறையில் வரிசையாகத் திரைகள். அவற்றின் முன் ஊழியர்கள். எங்காவது ரயில் தடம் புரண்டால் ஒருவர் ஓடுவார். மலைக்குப் பின்னாலோ மேஜைக்கு அடியிலோ புகுந்து கையால் தூக்கி வைத்தால்தான் வண்டி கிளம்பும்.

வருடம் முழுக்கத் திறந்திருக்கும். விடுமுறை நாட்களில் கூட்டம் அள்ளும், முன்பதிவு செய்வது நல்லது. பவும்வால் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். திரைமறைவுப் பகுதியைச் சுற்றிக் காட்டத் தனி டிக்கெட் உண்டு. கேள்வி கேட்ட குழந்தையை அங்கே கூட்டிப்போங்கள். காணாமல்போன சரக்கு ரயில் இருட்டில் சாதுவாக நின்றுகொண்டிருக்கும்.