பிரேக்கில் கரையும் பெற்றோல்



இல்லச் சந்திப்புகளுக்குச் செல்லும்போது அண்மைக்காலமாக ஒரே முறைப்பாட்டைப் பலரிடம் கேட்கிறேன். "சுவாமி, கூடுதல் காசு கொடுத்து ஹைபிரிட் கார் எடுத்தோம். ஆனால் விற்றவர் சொன்ன கணக்கு வரவில்லையே!" என்கிறார்கள். காரில் ஏதோ பழுது என்று எண்ணித் திருத்துமிடத்திற்குக் கொண்டு சென்றவர்களும் உண்டு. நானும் ரொறன்ரோவின் கிழக்குப் புறத்தில் ஆறு ஆண்டுகளாக ஹைபிரிட் கார் ஒன்றை ஓட்டுகிறேன். மருத்துவமனை, முதியோர் இல்லம், மரண வீடு, மாலை வகுப்பு என்று நாள்தோறும் சிறு சிறு பயணங்கள். பெற்றோல் நிரப்பும் ஒவ்வொரு முறையும் ஓடிய தூரத்தையும் ஊற்றிய அளவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது என் வழக்கம். அந்தக் குறிப்பேடு கற்றுத்தந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இதனைச் சில்லறைக் காரியமாக எண்ண வேண்டாம். நம்மவர்களில் எத்தனையோ பேர் வாடகைக் கார் ஓட்டியும், உணவுப் பொதிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தும் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள். பெற்றோல் செலவு அவர்களுடைய சொந்தப் பையிலிருந்தே போகிறது. ஆண்டுக்கு 50,000 கிலோமீற்றர் ஓடும் ஒருவர் 100 கிலோமீற்றருக்கு 1 லீற்றர் மிச்சம் பிடித்தால், ஆண்டு முடிவில் 500 லீற்றருக்கான பணம் அவர் கையில் நிற்கும். அவ்வளவு பணத்தை மேலதிகமாக ஓடி உழைப்பதற்கு எத்தனை இரவுகள் வேண்டும் என்பதை அவர்களே அறிவார்கள்.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் இருத்துவோம். வீட்டு மின்சாரத்தில் செருகி ஏற்ற முடியாத சாதாரண ஹைபிரிட் காரில், பற்றரியிலுள்ள மின்சாரம் முழுவதும் இறுதியில் பெற்றோலிலிருந்து வந்ததே. 1997ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா ப்ரியஸ் விற்பனைக்கு வந்த நாள் முதல் இந்த அடிப்படை மாறவில்லை. சாதாரணக் காரில் பிரேக் பிடிக்கும்போது ஓட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிக் காற்றோடு போய்விடும். ஹைபிரிட்டில் மோட்டார் அவ்வேளையில் மின்பிறப்பாக்கியாக மாறி, அந்த ஆற்றலின் ஒரு பகுதியைப் பற்றரிக்குத் திருப்புகிறது. 'ஒரு பகுதி' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஓட்டம் மின்சாரமாகி, பற்றரியில் சேர்ந்து, மறுபடியும் ஓட்டமாக மாறும்போது ஒவ்வொரு படியிலும் இழப்பு உண்டு. ஆகவே மீட்டெடுத்த ஆற்றலைவிட, இழக்காமல் காத்த ஆற்றலே பெரிது. பெற்றோல் கரைவது பெரும்பாலும் ஆக்ஸிலறேற்றரில் என்று நினைக்கிறோம். நகரத்து வீதிகளில் அது கரையும் இடம் பிரேக்தான்.

இதனை விளங்கிக்கொண்டால் மற்றவை தாமாகவே தெளிவாகும். மார்க்கம் வீதியிலோ ஃபிஞ்ச் அவெனியூவிலோ செல்கிறீர்கள். 300 மீற்றர் முன்னால் சிவப்பு விளக்கு தெரிகிறது. அதுவரை அதே வேகத்தில் சென்று கடைசி நேரத்தில் அழுத்தி நிறுத்துபவர் இரண்டு வகையில் நட்டப்படுகிறார். நிற்கப்போகும் இடம்வரை பெற்றோல் எரித்தார். பிறகு திடீரென அழுத்தியதால் மோட்டார் ஏற்கக்கூடிய அளவை மீறிய ஆற்றல் பிரேக் தகடுகளில் சூடாக வீணாயிற்று. சிவப்பைக் கண்டவுடன் காலை எடுத்துவிட்டு, பின் மென்மையாகவும் நீளமாகவும் பிரேக் பிடிப்பவருக்கு ஆற்றலின் பெரும்பங்கு திரும்பக் கிடைக்கிறது. பல வேளைகளில் அவர் சந்தியை அடையுமுன் விளக்குப் பச்சையாகி, நிற்க வேண்டிய தேவையே இல்லாமல் போகும். ஓடிக்கொண்டிருக்கும் காரை மறுபடி வேகப்படுத்துவது, நின்ற காரைக் கிளப்புவதைவிட எவ்வளவோ மலிவானது. வேகம் இரட்டித்தால் ஓட்டத்தின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்ற பாடசாலைப் பௌதிகம் இங்கேதான் பயன்படுகிறது.

கிளம்பும் விதத்திலும் ஒரு நடுவழி உண்டு. எஞ்சின் விழித்துவிடக் கூடாது என்பதற்காகச் சிலர் நத்தைபோல் ஊர்ந்து, மின்சாரத்தில் மட்டுமே ஓட்டப் பார்க்கிறார்கள். பச்சை நிறத்தில் 'இவி' என்று ஒளிர்வதைக் கண்டு மகிழ்கிறார்கள். ஆனால் அந்த மின்சாரம் இலவசம் அன்று. பற்றரி இறங்கியதும் எஞ்சின் விழித்து, காரையும் இழுத்துப் பற்றரியையும் நிரப்ப வேண்டியிருக்கும். பின்னால் வருவோரின் பொறுமையும் தீர்ந்துவிடும். இதற்கு நேர்மாறாகப் பாய்ந்து கிளம்புவதும் நட்டமே. இயல்பான வேகத்தில், தயங்காமல் கிளம்பி, வேண்டிய வேகத்தை அடைந்ததும் காலைச் சற்றே தளர்த்துங்கள். சமதரையில் எஞ்சின் ஓய்ந்து கார் மிதப்பதுபோல் செல்லும். காலை முழுவதும் எடுத்தால் மோட்டார் மின்சாரம் பிடிக்கத் தொடங்கி வேகத்தைக் குறைக்கும். ஆகவே வேகத்தைக் காக்க விரும்பும் இடத்தில் மெல்லிய அழுத்தம் இருக்கட்டும், நிற்கப்போகும் இடத்தில் முழுவதும் எடுத்துவிடுங்கள்.

நெடுஞ்சாலையின் கணக்கு வேறு. அங்கே பிரேக் குறைவு, எதிரி காற்று. கனடாவின் இயற்கை வளத் திணைக்களம் சொல்வதன்படி, 100 கிலோமீற்றர் வேகத்தில் செல்வதைவிட 120இல் செல்லும் கார் ஏறக்குறைய 20 விழுக்காடு கூடுதலாக எரிபொருள் குடிக்கும். 401 நெடுஞ்சாலையில் 40 கிலோமீற்றர் தூரத்தை 120இல் கடந்தால் 20 நிமிடம். 100இல் கடந்தால் 24 நிமிடம். சட்டத்தையும் மீறி, பெற்றோலையும் கொட்டி நாம் வாங்குவது அந்த நான்கு நிமிடங்களைத்தான். வெளியேறும் வழியில் முதல் சிவப்பு விளக்கே அதில் ஒரு பங்கைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும்.

இனிக் குளிர்காலம். முறைப்பாடுகள் அதிகம் வருவது தை, மாசி மாதங்களில்தான். காரில் பழுதில்லை, உறவுகளே. கோடையில் 100 கிலோமீற்றருக்கு நாலரை லீற்றர் குடிக்கும் என் கார், கடுங்குளிரில் ஆறுக்கு மேல் குடிப்பதைக் குறிப்பேட்டில் ஒவ்வோர் ஆண்டும் காண்கிறேன். அமெரிக்க அரசின் சோதனைகளும் இதையே சொல்கின்றன: 25 பாகை வெப்பத்தோடு ஒப்பிட, உறைநிலைக்குக் கீழே 7 பாகையில் நகர ஓட்டத்தில் சாதாரணக் கார் ஒரு லீற்றருக்கு ஓடும் தூரம் ஏறக்குறைய 15 விழுக்காடு குறைய, ஹைபிரிட் கார்களில் அது 30 முதல் 34 விழுக்காடுவரை குறைகிறது. காரணம் எளிது. ஹைபிரிட்டின் சிக்கனமே எஞ்சினை அடிக்கடி உறங்கவிடுவதில் இருக்கிறது. குளிரிலோ எஞ்சின் தன்னையும் சூடாக்கி, உள்ளே இருப்போருக்கும் வெப்பம் தரவேண்டும். ஆகவே உறங்க முடியாது. குளிர்ந்த பற்றரியும் வழமைபோல் மின்சாரத்தை ஏற்காது.

இதற்கு நாம் செய்யக்கூடியவை சில. மூன்று சிறு பயணங்களை ஒரே சுற்றாகச் சேர்த்துவிடுங்கள்; முதல் சில கிலோமீற்றரே மிக விலையுயர்ந்தவை. நிறுத்திவைத்து நெடுநேரம் சூடாக்காமல், பனியை முழுவதும் துடைத்து, கண்ணாடிகள் தெளிந்தபின் மெதுவாக ஓட்டிச் சூடாக்குங்கள். இருக்கை வெப்பமூட்டி இருந்தால் அதனை முதலில் போட்டு, அறை வெப்பத்தைச் சற்றுக் குறையுங்கள். வெப்பநிலை ஏறக்குறைய 5 பாகை இறங்கும்போது ரயரின் அழுத்தம் 1 பிஎஸ்ஐ அளவு குறையும். மாதம் ஒருமுறை, கார் குளிர்ந்திருக்கும்போது, சாரதியின் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குச் சரிசெய்யுங்கள். கோடைக்கும் ஒரு குறிப்பு: பல மாதிரிகளில் பற்றரிக்குக் காற்றுச் செல்லும் துவாரம் பின்னிருக்கையின் அருகில் இருக்கும். அதைப் பைகளாலும் துணிகளாலும் மூடாதீர்கள்.

செய்யக்கூடாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். காற்றை மிச்சம் பிடிக்கவென்று பாரவூர்திகளின் பின்னால் ஒட்டிச் செல்லாதீர்கள். முன்னே செல்லும் வாகனத்திற்குக் குறைந்தது 2 வினாடி இடைவெளி விடும்படி ஒன்ராறியோவின் சாரதிக் கைநூல் கேட்கிறது; பனியில் அதனினும் கூடுதலாக விடுங்கள். இறக்கத்தில் நியூட்ரலில் விடாதீர்கள். ஹைபிரிட்டில் அப்போது பற்றரிக்கு மின்சாரமும் ஏறாது. 'பி' என்னும் நிலை நீண்ட செங்குத்தான இறக்கங்களுக்கானது. நாளாந்தம் அதில் ஓட்டுவதால் மிச்சம் வராது. எந்தச் சேமிப்பும் வீதியைக் கடக்கும் ஒரு பிள்ளையின் உயிருக்கு ஈடாகாது. நல்லவேளையாக, சிக்கனமும் பாதுகாப்பும் இங்கே ஒரே பழக்கத்தையே கேட்கின்றன. தூரத்தைப் பார்த்து, இடைவெளி விட்டு, காலை முன்கூட்டியே எடுப்பவர் பெற்றோலையும் மிச்சம் பிடிப்பார்; திடீரென ஓடிவரும் குழந்தைக்கும் இடம் வைத்திருப்பார்.

வாடகைக் கார் ஓட்டும் தம்பி ஒருவரிடம் இவற்றைச் சொன்னேன். மூன்று வாரம் கழித்து வந்தார். மிச்சத்தைப் பற்றி முதலில் பேசவில்லை. "சுவாமி, இப்போது வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது தோள் வலிப்பதில்லை" என்றார். நாளெல்லாம் விளக்குகளை நோக்கிப் பாய்வதும் அழுத்தி நிறுத்துவதும் உடலையும் அரிக்கின்றன என்பதை அவர் வாயிலாக அறிந்தேன்.

இரண்டு முறை பெற்றோல் நிரப்பும் காலத்திற்கு இதனை முயன்று பாருங்கள். தூரமானியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, ஒரு சிறு குறிப்பேட்டை காரில் வையுங்கள். திரையில் தெரியும் சராசரியை மட்டும் நம்பாமல், ஊற்றிய லீற்றரை 100ஆல் பெருக்கி, ஓடிய கிலோமீற்றரால் வகுத்து நீங்களே கணக்கிடுங்கள். உங்கள் வீட்டில் ஓட்டி உழைப்பவர் எவரேனும் இருந்தால், முதலில் அவருக்கு இதனை வாசித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை