ஹாலுக்குள்ள ஒரு லேன் பார்ட்டி

"அதான் வீட்டுல வைஃபை இருக்கே, ஆறு பேர் கேம் ஆட எதுக்குடா இவ்ளோ ஒயரு?" இது அம்மா கேட்டது. உங்க வீட்டுலயும் கேப்பாங்க, அதனால பதிலை முதல்லயே சொல்லிடறேன்.

வைஃபைல எல்லாருக்கும் பொதுவா இருக்கறது ஒரே காத்துதான். ஒருத்தர் பேசும்போது மத்தவங்க பெரும்பாலும் காத்திருக்கணும். பக்கத்து ஃபிளாட் ரவுட்டர்களும் அதே க்யூவுல வந்து நிக்கும். கேம் ஆடறதுக்கு வேகம் பெருசா தேவையில்ல, அது அனுப்பற டேட்டா ரொம்பக் கம்மி. தாமதம் கம்மியாவும் ஒரே சீராவும் இருக்கணும், அவ்ளோதான் மேட்டர். 64 டிக் சர்வர்னா சுமார் 15.6 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை யார் எங்க நிக்கறாங்கன்னு கணக்குப் போடும். ஒயர்ல பிங் 1 மில்லிசெகண்டைத் தாண்டறதே அபூர்வம். வைஃபைல 3-ல இருக்கும், திடீர்னு 60க்குத் தாவும். முதல்ல சுட்டது நீங்க, செத்ததும் நீங்க :)

2019ல காலேஜ் முடிச்ச நாங்க ஆறு பேர் ஊருக்கு ஒருத்தரா சிதறிட்டோம். வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டும் ஆன்லைன்ல சேர்ந்து ஆடுவோம். "ஒரே ஒரு தடவையாவது ஹாஸ்டல்ல மாதிரி ஒரே ரூம்ல உக்காந்து ஆடணும்டா"ன்னு பேசிப்பேசியே வருஷம் ஓடிடுச்சு. போன மாசம் ஒரு சனிக்கிழமை, சென்னையில எங்க வீட்டு ஹால்ல அது நடந்தே நடந்துச்சு.

செய்யப்போறவங்களுக்கு உபயோகப்படும்னு விவரமா எழுதறேன்.

வீட்டு ரவுட்டர்ல பொதுவா நாலு லேன் போர்ட்தான் இருக்கும். ஆறு மெஷினுக்குப் பத்தாது. அதனால ரிச்சி தெருவுல ஒரு 8 போர்ட் கிகாபிட் சுவிட்ச் வாங்கினேன். சாதாரண அன்மேனேஜ்ட் சுவிட்ச் போதும், செட்டிங்ஸ்னு ஒண்ணுமே கிடையாது. ரவுட்டர்ல இருந்து ஒரு கேபிள் சுவிட்சுக்கு, சுவிட்ச்ல இருந்து ஆளுக்கு ஒண்ணு. கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரைக்கும் 1 கிகாபிட் தாங்கும். நம்ம ஹால் என்ன 100 மீட்டரா?

ஐபி முகவரியை ரவுட்டரே எல்லாருக்கும் கொடுத்துடும். எவனுக்காவது 169.254ல ஆரம்பிக்கற முகவரி வந்தா, அவன் மெஷினுக்கு ரவுட்டர் கிட்ட இருந்து பதில் வரலைன்னு அர்த்தம். முதல்ல கேபிளைப் பாருங்க. முகவரி சரியா இருந்தும் சர்வர் கண்ணுல படலையா? விண்டோஸ் இந்த நெட்வொர்க்கைப் பப்ளிக்னு எடுத்துக்கிட்டு ஃபயர்வாலைப் போட்டிருக்கும். பிரைவேட்னு மாத்துங்க. எங்க கூட்டத்துல ரெண்டு பேருக்கு இதே கதைதான்.

அடுத்து கரண்ட். இதை யாரும் யோசிக்க மாட்டாங்க. 6 ஆம்பியர் சாக்கெட் ஒண்ணு 230 வோல்ட்ல தாங்கறது 1380 வாட்ஸ். மானிட்டரோட சேர்த்து ஒரு கேமிங் பிசி 400 வாட்ஸ் இழுக்குதுன்னு வெச்சாலே நாலு பிசிக்கு 1600 ஆச்சு. எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகாதீங்க சாமிகளா! ரெண்டு பெட்ரூம்ல இருந்தும் தனித்தனியா இழுத்தேன். அம்மா ஒயரைத் தாண்டித் தாண்டிக் காபி கொண்டு வந்தாங்க.

கேம் எதுன்னு தேர்ந்தெடுக்கறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. 2010ல வந்த ஸ்டார்கிராஃப்ட் 2ல லேன் வசதியே வைக்கல. 2014ல கேம்ஸ்பை சர்வரை மூடினப்போ, அதை நம்பியிருந்த எத்தனையோ கேம்களோட ஆன்லைன் ஆட்டம் அதோட போச்சு. ஆனா லேன் வசதி இருந்த கேம்களை அதுக்கப்புறமும் நாலு பேர் ஒரு சுவிட்சைச் சுத்தி உக்காந்து ஆட முடிஞ்சுது. 1999ல வந்த குவேக் 3 இன்னைக்கும் ஓடுது. நாங்க எடுத்தது ஹாஸ்டல் காலத்து கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6. பழைய லேப்டாப் ஒண்ணுல சர்வரை ஓடவிட்டாச்சு. சாயங்காலம் ஒரு மணி நேரம் இன்டர்நெட்டே இல்ல, ஒருத்தனும் கவனிக்கல.

அதுக்கப்புறம் ஒரு ரேசிங் கேம், 30 ஜிபி. எல்லாரும் முன்னாடியே இறக்கிட்டு வந்திருந்தாங்க, சேலத்தானைத் தவிர. (பேரெல்லாம் வேணாம், ஊரு பேர் போதும்.) பரவாயில்ல, ஸ்டீம்ல 2023ல இருந்து ஒரு வசதி இருக்கு. பக்கத்து மெஷின்ல இருக்கற கேமை லேன் வழியாவே காப்பி பண்ணிக்கலாம். கிகாபிட்ல 30 ஜிபி அஞ்சு நிமிஷ வேலை.

ஆனா அவன் மெஷின்ல 40 நிமிஷத்துக்கு மேல காட்டுச்சு. குனிஞ்சு பார்த்தா சுவிட்ச்ல அவன் போர்ட்டுக்கு மட்டும் வேற கலர் லைட். 100 மெகாபிட்ல நிக்குது. கிகாபிட்டுக்கு கேபிள்ல இருக்கற நாலு ஜோடி கம்பியும் வேணும். அவன் வீட்டுல இருந்து கொண்டு வந்த கேபிள்ல ஏதோ ஒரு ஜோடி போயிருக்கு. ரெண்டு ஜோடி ஒழுங்கா இருந்தாலே 100ல ஓடிடும், அதனால கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடும்போது வித்தியாசமே தெரியல.

மத்த நாலு பேரும் கீழ டீ குடிக்கப் போயிட்டாங்க. "இது உன் காலேஜ் லேப்டாப் ஆச்சே, ஆபீஸ் லேப்டாப் எங்கடா?"ன்னு சும்மாதான் கேட்டேன். அவன் ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டே, "திருப்பிக் கொடுத்துட்டேன் மச்சி. ரெண்டு மாசம் ஆச்சு"ன்னான்.

வேலை போய் ரெண்டு மாசம். நடுவுல எட்டு வெள்ளிக்கிழமை எங்களோட ஆடியிருக்கான். ஹெட்செட்ல சிரிச்சிருக்கான், கெட்ட வார்த்தைல திட்டியிருக்கான். ஒருத்தனுக்கும் தெரியாது. அவன் வீட்டுலயும் இன்னும் சொல்லல. தினமும் காலைல குளிச்சுக் கிளம்பி ஒரு லைப்ரரில போய் உக்காந்துட்டு வர்றானாம்.

என் பையில ரெண்டு நல்ல கேபிள் இருந்துச்சு. மாத்தினா அஞ்சு நிமிஷத்துல காப்பி முடிஞ்சிடும். நான் மாத்தல. அந்த நீலக் கோடு மெதுவா நகர்ந்துக்கிட்டே இருக்க, அவன் பேசிக்கிட்டே இருந்தான். எதிர்ல உக்காந்து என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லணும்னா சொல்லியிருக்க மாட்டான்னு தோணுது. ரெண்டு பேரும் ஒரே ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டு இருந்ததால வந்துச்சு. 62 சதவீதத்துல டீ குடிக்கப் போனவங்க திரும்பி வந்தாங்க. அவங்க கிட்டயும் அவனே சொன்னான்.

அன்னைக்கு ராத்திரி ரேசிங் ஆடவே இல்ல. ரெண்டு மணி வரைக்கும் அவன் ரெஸ்யூமைத் திறந்து வெச்சுக்கிட்டு அஞ்சு பேரும் ஆளுக்கு ஒரு கருத்து சொல்லி அவனைக் கொலையாக் கொன்னோம். ஞாயித்துக்கிழமை காலைல அவங்க அப்பாவுக்குப் போன் போட்டான். நாங்க பால்கனிக்குப் போயிட்டோம்.

இப்போ ரெண்டு இடத்துல இன்டர்வியூ முடிஞ்சிருக்கு, பார்க்கலாம். அடுத்த ஆட்டம் சேலத்துல, அவன் வீட்டு மொட்டை மாடி ரூம்ல. சுவிட்ச் நான் கொண்டு போறேன். கேபிள் மட்டும் அவனைக் கொண்டு வர வேணாம்னு சொல்லியாச்சு :)