தாமதித்தால் எலும்பில் கை வைக்க வேண்டிவரும்

குழந்தை பிறந்ததும் காதில் பாங்கு சொல்லி, முகம் பார்த்து, கைகால்களைத் தடவிப் பார்ப்பது நம் வீடுகளின் வழக்கம். அப்போது ஒரு பாதம் உட்புறமாக முறுகி, குதிகால் மேலேறி, உள்ளங்கால் மறுகாலை நோக்கித் திரும்பியிருந்தால் வீட்டின் மகிழ்ச்சி சட்டென அடங்கிவிடுகிறது. உலகில் ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்று இவ்வாறு பிறக்கிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் இது இருமடங்கு. மருத்துவர்கள் இதைக் கிளப் ஃபுட் என்பர், வளைபாதம் எனலாம்.

எங்கள் குடும்பத்தில் இரு பிள்ளைகள் வளைபாதத்துடன் பிறந்தனர். மூத்தவன் பெரம்பலூரை அடுத்த கிராமத்தில்; இளையவள் பல ஆண்டுகள் கழித்து அரியலூரில். குறை ஒன்றே. ஆனால் இருவரும் கடந்த பாதை வெவ்வேறு.

மூத்தவன் பிறந்தபோது, கிரகணத்தன்று தாய் வெளியே வந்ததே காரணம் என்று அக்கம்பக்கத்தார் பேசினர். தம் மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் கிரகணம் நேர்ந்தபோது, அதை அம்மரணத்துடன் இணைத்துப் பேசியதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்தார்கள். அதை அறிந்திருந்தும் அந்தப் பேச்சு தாயை வாட்டியது. "அத்தா சவூதியிலிருந்து வரட்டும், பார்க்கலாம்" என்று பெரியவர்கள் ஒத்திவைத்தனர். ஆண்டுகள் ஓடின. அவன் பாதத்தின் வெளிவிளிம்பால் நடந்தான். அங்கே தோல் தடித்துப் புண்ணானது.

பதின்மூன்றாம் வயதில் எலும்பு அறுவை செய்ய நேர்ந்தது. கணுக்காலுக்குக் கீழுள்ள மூன்று மூட்டுகளிலிருந்து ஆப்பு வடிவில் எலும்பைச் செதுக்கி, பாதத்தை நேராக்கி, அம்மூட்டுகளை ஒன்றாக இணைத்துவிடுவது இம்முறை. பாதம் பெருமளவு வளர்ந்த பின்னரே இதைச் செய்வர். இளைய வயதினருக்குப் பாதத்தின் வெளிப்புற எலும்பிலிருந்து மட்டும் ஒரு துண்டை எடுப்பதும், ரஷ்ய மருத்துவர் இலிசாரோவ் வகுத்த வளையச் சட்டத்தால் சிறிது சிறிதாகத் திருப்புவதும் உண்டு.

மூன்று மாதம் மாவுக்கட்டில் கிடந்தான். கட்டின்மேல் ஈரக்கையால் மஸஹ் செய்து ஒளூவை நிறைவேற்றினான். நாற்காலியில் அமர்ந்து தொழுதான். இன்று உள்ளங்கால் தரையில் முழுமையாகப் படிகிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இணைத்த மூட்டுகள் இனி அசையா. மேடுபள்ளத்தில் பாதம் வளைந்து கொடுப்பதில்லை. கெண்டைக்கால் மெலிந்தே இருக்கிறது. இரு கால்களுக்கும் இரு அளவில் செருப்பு வாங்குகிறோம்.

அரியலூரில் பிறந்தவளை இரண்டாம் வாரத்திலேயே மருத்துவரிடம் கொண்டுசென்றனர். ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவின் அயோவாவில் பணியாற்றிய மருத்துவர் பொன்செட்டி வகுத்த முறை அவளுக்குக் கைகொடுத்தது. வாரம் ஒருமுறை பாதத்தை மெல்லத் திருப்பி மாவுக்கட்டுப் போட்டனர், ஆறு கட்டுகள். பிறகு குதிகால் தசைநாணில் ஒரு சிறு வெட்டு. எலும்பைத் தொடவே இல்லை. அடுத்த மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், அதன்பின் நான்கைந்து வயதுவரை உறங்கும்போது மட்டும், இரு காலணிகளையும் ஒரு கம்பியில் இணைத்த சட்டம். கால் நேராகிவிட்டதே என்று சட்டத்தை இடையில் கைவிட்டால் வளைவு திரும்பக்கூடும். குடும்பத்தின் பொறுமை சோதிக்கப்படுவது அப்போதுதான்.

2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. எனும் தேசியச் சிறார் நலத் திட்டத்தில் வளைபாதமும் அடங்கும். கண்டறிவதும் சிகிச்சையும் கட்டணமில்லாதவை. அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. நடக்கத் தொடங்கிவிட்ட பிள்ளைகளுக்கும் முதலில் மாவுக்கட்டு முறையை முயல்வதுண்டு. ஆகவே காலம் கடந்ததென்று எவரும் மனம் தளர வேண்டாம்.

இறைவனின் படைப்பில் வெட்கப்பட ஏதுமில்லை. மருத்துவம் தேடுவது தவக்குலுக்கு எதிரானதும் அன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே இறைவனிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுங்கு. உங்கள் உறவில் இப்படியொரு குழந்தை பிறந்தால், தாயைக் கேள்வி கேட்காதீர்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதல் வாரத்திலேயே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அத்தா வெளிநாட்டில் இருந்தால் மாமனோ பெரியத்தாவோ உடன் செல்லட்டும்.

நம் பிள்ளைகளின் பாதங்களை அல்லாஹ் நேர்வழியில் நிலைபெறச் செய்வானாக. ஆமீன்.