ஸ்டார்ட் பட்டனும் என் வீறாப்பும்

திருநெல்வேலியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் டிடிபி பிரிவுக்கு நான்தான் மூத்தவன். கல்யாணப் பத்திரிகை, கொடை விழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எதுவானாலும் என் கண்ணில் படாமல் பிளேட்டுக்குப் போகாது. மெஷின் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இத்தனை வருஷமாக அந்த மரியாதையை வாங்கிக்கொண்ட நான் உண்மையில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் இல்லை. விண்டோஸ் எக்ஸ்பியில் எது எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தவன். இரண்டும் வேறு வேறு என்பது 2013-இல் எனக்கே புரிந்துபோனது. புரிந்ததை வெளியே தெரியாமல் மறைக்க நான் செய்த காரியங்களைத்தான் எழுதப்போகிறேன்.

நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டிலிருந்து வந்தவன். தமிழில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ். அங்கே கட்டையைக் குனிந்து பார்த்தால் திட்டு விழும். விரலுக்கு இடம் பழக வேண்டும், கண் தாளை விட்டு நகரக் கூடாது. அந்தப் பழக்கத்தை அப்படியே கம்ப்யூட்டருக்கும் கொண்டுவந்துவிட்டேன். ஸ்டார்ட் என்றால் கீழே இடது மூலை. அதிலிருந்து எவ்வளவு தூரம் மேலே போனால் பேஜ்மேக்கர் என்பது என் மணிக்கட்டுக்குத் தெரியும். மெனுவில் உள்ள எழுத்துகளை நான் வாசித்ததே கிடையாது. ஒருமுறை யாரோ டாஸ்க்பாரைத் தெரியாமல் இழுத்துத் திரையின் மேல்பக்கம் ஒட்டிவிட்டார்கள். அதற்கே ஆடிப்போய், வைரஸ் என்று சொல்லி ஃபார்மட் அடிக்க வைத்த ஆள் நான். அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

2013-இல் ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் முதலாளி புது மெஷின் ஒன்று வாங்கினார். அதற்கு முந்தைய வருஷம் அக்டோபரில் வெளியான விண்டோஸ் 8 அதில் இருந்தது. கைபடும் டேப்லெட்டுக்கும் மேஜைக் கம்ப்யூட்டருக்கும் ஒரே முகம் போதும் என்று மைக்ரோசாஃப்ட் நினைத்த காலம் அது. மெஷினைப் போட்டால் திரை முழுக்க வண்ணக் கட்டங்கள். டெஸ்க்டாப்பே அந்தக் கட்டங்களில் ஒன்றாகிவிட்டிருந்தது. உள்ளே போனால் இடது மூலையில் ஸ்டார்ட் இல்லை. 1995-இலிருந்து அங்கேயே குடியிருந்த பட்டன். ஷட்டவுன் செய்ய, மவுஸை வலது மூலைக்குக் கொண்டுபோய் ஒளிந்திருக்கும் பட்டையை வரவழைத்து, அதில் செட்டிங்ஸ், அதற்குள் பவர் என்று போக வேண்டும். இதையெல்லாம் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்த ஷட்டவுன், யுபிஎஸ் சுவிட்சை அணைப்பதுதான். யாரும் பார்க்காதபோது காலாலேயே அணைத்துவிடுவேன்.

ஒருநாள் காதணி விழாப் பத்திரிகைக்காக ஒருவர் பிள்ளையின் போட்டோவை பென்டிரைவில் கொண்டுவந்தார். திறந்தேன். திரையை அடைத்துக்கொண்டு பிள்ளை சிரித்தது. மூட வழியில்லை. மேலே வலது ஓரத்தில் பெருக்கல் குறி இல்லை, கீழே டாஸ்க்பார் இல்லை, சுற்றிலும் ஓர் ஓரம்கூட இல்லை. எஸ்கேப்பை அமுக்கினேன், என்டரைத் தட்டினேன். வந்தவர் என் தோளுக்குப் பின்னால் நின்று, “பையன் நல்லா விழுந்திருக்கான்லா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். “நல்லா இருக்கு, நல்லா இருக்கு” என்று சொல்லிக்கொண்டே காலை நீட்டி யுபிஎஸ்ஸை அணைத்துவிட்டு, “கரண்டு போயிருச்சு” என்றேன். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

பக்கத்து சீட்டில், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளே ஆன ஒரு பெண் இருந்தாள். அவர் போனதும் மெதுவாகச் சொன்னாள்: “அண்ணாச்சி, கன்ட்ரோலுக்குப் பக்கத்துல கொடி போட்ட கீ இருக்குல்லா, அத அமுக்குனா வெளிய வந்துரும்.” குனிந்து பார்த்தேன். பழைய மெஷினிலிருந்து கழற்றி மாட்டிய என் கீபோர்டு அது. மற்ற கீகளில் எழுத்தெல்லாம் தேய்ந்து வழுவழு என்றிருந்தது. அந்தக் கொடி மட்டும் கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருந்தது.

அவளுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ ஆத்திரம்தான் வந்தது. “இதுல நம்ம வேலை ஓடாதும்மா, பேஜ்மேக்கர் ஏறாது” என்றேன், ஏற்றிப் பார்க்காமலேயே. சாப்பாட்டு நேரத்தில் அவள் ரைட் கிளிக் செய்து என்னத்தையோ மாற்றி ஏற்றிவிட்டாள். எழுத்துருக்களும் வந்துவிட்டன. சாயங்காலத்துக்குள் முதலாளி அந்த மெஷினை அவளுக்கே கொடுத்துவிட்டார்.

இனி சொல்லப்போவதுதான் என்னை இதை எழுத வைத்தது. அவள் லீவு போட்ட ஒருநாள் சர்வீஸ் பையனைக் கூப்பிட்டு, “மெஷின் ரொம்ப ஸ்லோ, ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் 7 போட்டுரு” என்றேன். லைசென்ஸைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். “அண்ணாச்சி, ஃபைல் ஏதும் எடுக்கணுமா?” என்று அவன் கேட்கவும் செய்தான். “எல்லாம் டி டிரைவ்லதான் இருக்கும்” என்றேன். இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவள் ஒரு கோயிலின் தல வரலாற்றுப் புத்தகத்தை டெஸ்க்டாப்பிலேயே சேமித்து வைத்திருந்தாள். டெஸ்க்டாப் சி டிரைவில் கிடப்பது. மறுநாள் வந்து தேடினாள். முதலாளி சத்தம் போட்டார்: “ஏம்மா, ஒரு காப்பி எடுத்து வைக்கத் தெரியாதா?” நான் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். முழுப் புத்தகத்தையும் அவள் மறுபடி அடித்தாள். நான் ஒரு பக்கம்கூட வாங்கி அடித்துக் கொடுக்கவில்லை. அடுத்த தைக்குள் வேலையை விட்டுப் போய்விட்டாள். காரணம் அதுதானா என்று நான் கேட்டதில்லை.

அதே வருஷம் அக்டோபரில் 8.1 வந்தது. ஸ்டார்ட் பட்டன் திரும்பவும் இடது மூலைக்கு வந்துவிட்டது. பேப்பரை எடுத்துக்கொண்டுபோய், “பாத்தீங்களா முதலாளி, அவனே ஒத்துக்கிட்டான்” என்றேன். திரும்பி வந்த பட்டனை அமுக்கினால் பழையபடி அதே கட்டங்கள்தான் வரும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்தப் பட்டனை எடுத்தது தப்பு என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை, உலகமே அதைத்தான் சொன்னது. ஆனால் அந்த ஒரு விஷயத்தில் நான் சொன்னது சரியாகிவிட்டதே, அதை வைத்துக்கொண்டு வேறெதையும் கற்றுக்கொள்ளாமல் பல வருஷம் ஓட்டிவிட்டேன். 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனது. என் சொந்த மெஷினில் அதற்குப் பிறகும் எக்ஸ்பிதான் ஓடியது. “நம்ம வேலைக்கு நெட் எதுக்கு?” என்பேன். கஸ்டமர்களின் பென்டிரைவ்களோ நாள் முழுக்க உள்ளே போய் வந்துகொண்டிருந்தன.

இப்போது விண்டோஸ் 11. ஸ்டார்ட் நடுவுக்கு வந்துவிட்டது. ரைட் கிளிக் செய்தால் கட், காப்பி எல்லாம் சின்னச் சின்னப் படங்களாக நிற்கின்றன. பழைய மெனு வேண்டுமென்றால் அடியில் உள்ள வரியைத் தட்ட வேண்டும், நான் தினமும் அதைத்தான் தட்டுகிறேன். ஸ்டார்ட்டை இடது ஓரத்துக்கே தள்ள டாஸ்க்பார் செட்டிங்ஸில் வழி வைத்திருக்கிறார்கள். மெஷின் வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் செய்தேன்.

முதலாளி பார்த்துவிட்டுக் கேட்டார்: “எல்லார்ட்டயும் நடுவுல இருக்கு. உம்ம மெஷின்ல மட்டும் ஏன்வே ஓரத்துல கெடக்கு?”

“பேஜ் செட்டிங்குக்கு இதான் முதலாளி வசதி” என்றேன்.