மட்டாஞ்சேரியின் யூதத் தெரு

ஒரு பயிற்சிக்காகக் கேரளத்தின் கொச்சிக்குச் சென்றபோது, ஒருநாள் மட்டாஞ்சேரிக்குப் போனேன். தன்னாமுனை வாவிக்கரையில் வளர்ந்த எனக்கு அந்த ஊரின் உப்புக்காற்றும் மீன்வலைகளும் பழகியவையாகவே இருந்தன. 1568 இல் கட்டப்பட்ட பரதேசி தொழுகைக்கூடம் அங்கேதான் இருக்கிறது. யூதர்கள் வழிபடும் இடம் அது. பரதேசி என்றால் அங்கே பிச்சைக்காரர் அல்ல, வெளிதேசத்தவர். ஸ்பெயின், போர்த்துக்கல் நாடுகளில் மதத்தின் பேரால் துரத்தப்பட்டு வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். கொச்சி அரசர் தமது அரண்மனைக் கோயிலின் பக்கத்திலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தார். 1662 இல் போர்த்துக்கேயர் கூடத்தைச் சேதப்படுத்தினர். அடுத்த ஆண்டு ஒல்லாந்தர் கொச்சியைப் பிடித்த பின் அது திருத்தப்பட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், காலின் கீழே சீனாவில் கையால் வரைந்த நீல, வெள்ளை ஓடுகள். மேலே கண்ணாடி விளக்குகள். பெண்களுக்கு மாடியில் தனி இடம்.

அழகைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் சமூகவியல் படித்த மனம் சும்மா இருக்கவில்லை. துரத்தப்பட்டு வந்தவர்களே தங்களுக்குள் வெள்ளையர், கறுப்பர் என்று பிரிவு பார்த்தார்கள். அடிமைநிலையில் இருந்து விடுவிக்கப்பட்டோரின் சந்ததியினருக்கு இந்தக் கூடத்தில் சம இடம் இல்லை. அவர்களில் ஒருவரான ஏ. பி. சேலம் என்ற வழக்கறிஞர் காந்தியின் வழியில் சத்தியாக்கிரகம் இருந்தார். தடைகள் மெல்ல மெல்லத்தான் விலகின. அகதி முகாமிலும் சாதி பார்த்துத் தண்ணீர் அள்ளியதைக் கண்ட சகோதரிகளுக்கு இது புதினமாக இராது.

கொச்சி யூதப் பெண்கள் கலியாணத்துக்கும் பெருநாளுக்கும் மலையாளத்தில் பாடினார்கள். ஆண்கள் முன்னிலையிலும் பாடினார்கள். பாட்டுகளைக் கொப்பிகளில் எழுதி மகளுக்கும் பேத்திக்கும் கொடுத்தார்கள். 1948 இல் இஸ்ரேல் உருவானபின், 1950களில் பெரும்பாலானோர் அங்கே குடிபெயர்ந்தபோது அந்தக் கொப்பிகளும் கூடவே போயின. இடம்பெயர்ந்தபோது நாங்கள் எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், கொஞ்ச நகை. அம்மம்மாவின் தாலாட்டை எழுதிவைக்க யாருக்கு நேரம் இருந்தது? அந்தக் கொப்பிப் பாட்டுகள் சில 2004 இல் இசைத்தட்டாக வெளிவந்தன.

கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்பது யூத மரபு. இன்று அந்தத் தெருவில் அத்தனை பேர் இல்லை. வீடுகள் பலவும் பழம்பொருட் கடைகளாகிவிட்டன.

போகாமல் இருந்தவர்களுள் ஒருவர் சாரா கோஹன். தன் வீட்டிலேயே கைப்பின்னல் கடை நடத்தினார். வழிபாட்டுத் தொப்பிகளும் அப்பத்தை மூடும் துணிகளும் தைத்து விற்றார். 2019 இல், 96 வயதில் காலமானார். முதுமையில் அவரைப் பார்த்துக்கொண்டவர் தாஹா இப்ராஹிம் என்ற முஸ்லிம். சிறுவனாகத் தெருவில் தபாலட்டை விற்க வந்தவர். சாராவுக்குப் பின் கடையையும் அவரே ஏற்றார்.

1990 இன் கொலைகளுக்குப் பிறகு, ஏறாவூரும் எங்கள் ஊரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும், வீட்டுக்கு வீடு போய்வருவது நின்ற காலத்தில் வளர்ந்தவள் நான். அந்தக் கடை வாசலில் நெடுநேரம் நின்றேன். உள்ளே சுவரில் சாராவின் படம் தொங்கியது. அதன் கீழே வெள்ளைத் துணிகள் மடித்து அடுக்கியிருந்தன.