விறாந்தையை வெட்ட மாட்டேன்

சோனகதெருவில் எங்கள் காணியில் வீடு கட்டப் படம் கீறி முடிந்துவிட்டது. மூன்று கிழமையாக அந்தப் படத்தோடுதான் வீட்டில் சண்டை. மேசன் பார்த்தவுடனேயே சொன்னார்: "ரீச்சர், இந்த முன் விறாந்தையை வெட்டினா ஹோல் நல்லாப் பெருக்கும். இப்ப ஆர் விறாந்தையில இருக்கினம்?" கணவருக்கும் அது சரியாகப் பட்டது. எனக்குப் படவில்லை. ஏன் என்று அன்றைக்கு வாயால் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். நம் பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள், கட்ட நினைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

நாலு வருசமாக நாங்கள் சண்டிலிப்பாயில் வாடகைக்கு இருக்கிறோம். சொந்தக்காரர் கனடாவில். பழைய நாற்சார் வீடு. ஒரு பக்கத்து ஓடு போய்த் தகரம் போட்டிருக்கிறது. இருக்கிற ஆட்கள் ஆறு பேர்: நாங்கள் இருவர், மூன்று பிள்ளைகள், உம்மா. விடிய நாலே முக்காலுக்கு எழும்பி, ஏழு மணிக்கு முன் ஐந்து பேர் படலை தாண்ட வேண்டும். புத்தகப்பை, சாப்பாட்டுப் பெட்டி, இவருடைய கடைக் கணக்கு, நான் திருத்த வேண்டிய கொப்பிக் கட்டு. இத்தனைக்கும் நடுவில் அந்த வீட்டில் சத்தம் தலைக்கு ஏறுவதில்லை. உம்மா உள் விறாந்தையின் ஒரு மூலையில் தொழுகைப் பாயை விரித்தால் ஒருவரும் குறுக்கே போக வேண்டியதில்லை.

இது எப்படி என்று கனநாள் யோசித்தேன். இப்போது கட்டுகிற வீடுகளில் எல்லா அறைக் கதவும் ஒரே ஹோலுக்குத் திறக்கும். ஹோலின் நடுவில் ரீவி. கீழே ரைல்ஸ், மேலே கொங்கிறீற். ஒரு கரண்டி விழுந்தாலும் எல்லா அறைக்கும் கேட்கும். நாற்சார் வீட்டில் அறைகள் முற்றத்தைச் சுற்றியுள்ள விறாந்தைக்குத் திறக்கின்றன. சத்தமும் வெக்கையும் முற்றத்தால் மேலே போய்விடுகின்றன. நாங்கள் குடிவந்த கிழமையே பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னா: "பிள்ளை, வைகாசி பிறந்தா தென்மேற்கு யன்னலைப் பூட்டாதை. சோழகம் வீட்டைக் கூட்டிப்போட்டுப் போகும்."

சித்திரை நடுவில் சூரியன் நமக்கு உச்சந்தலைக்கு நேரே நிற்கும். கொங்கிறீற் கூரை பகலெல்லாம் குடித்த வெயிலை இரவில் அறைக்குள் இறக்கும். நித்திரை இல்லாத பிள்ளைக்கு முதலாம் பாடத்திலேயே கண் சொருகும். அந்தப் பிள்ளைக்கு நாங்கள் சோம்பேறி என்று பேர் வைத்துவிடுகிறோம்.

போன தவணை என் வகுப்பில் கேட்டேன், வீட்டில் எங்கே இருந்து படிப்பீர்கள் என்று. மாடி வீட்டுப் பிள்ளை ஒருத்தி சொன்னாள்: "எல்லாரும் படுத்த பிறகு ஹோலில, ரீச்சர்." சாதாரண தரத்துக்கு இன்னும் சில மாதந்தான் இருக்கிறது. அந்த வீட்டில் ஐந்து அறை.

எனக்கு இது ஏன் இவ்வளவு சுடுகிறது என்றால், 1990 ஒக்டோபர் 30 அன்று நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகும்போது எனக்கு ஒன்பது வயது. பிறகு புத்தளத்தில் தென்னோலைக் கிடுகுக் கொட்டில். ஒரே அறை, ஏழு பேர். சாதாரண தரப் பரீட்சை வந்த வருசம் உம்மா தன் சேலை ஒன்றைக் குறுக்கே கட்டி, "இதுக்கு அங்கால ஒருத்தரும் வரப்படாது" என்று தம்பிமாருக்குச் சொன்னா. சேலைக்கு அப்பால் அவர்கள் குசுகுசுத்தது எல்லாம் கேட்டது. ஆனாலும் அது என்னுடைய இடம்.

சின்ன வீட்டில் இதெல்லாம் முடியுமா என்று கேட்பீர்கள். 2012 இல் பயனாளிகளே கட்டும் முறையில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, பரப்பு 550 சதுர அடி. அந்த வீடுகளைப் போய்ப் பாருங்கள். கையில் காசு புரண்டதும் பலர் முதலில் செய்தது முன்னால் ஒரு பத்தி இறக்கியதுதான். 2016 இல் வடக்கு கிழக்குக்கு 65,000 பொருத்து வீடுகள் என்று ஒரு திட்டம் வந்ததே, நினைவிருக்கிறதா? ஒன்று சுமார் 21 இலட்சம் என்றார்கள். அந்தக் காசுக்கு இரண்டு கல்வீடு கட்டலாம் என்று எதிர்த்தார்கள். உருக்குச் சுவர் வெக்கை தாங்காது, விறகு வைத்துச் சமைக்க முடியாது, பிறகு ஓர் அறை கூட்ட முடியாது என்றும் சொன்னார்கள். எங்கள் சனத்துக்கு வீடு என்றால் என்ன என்று தெரிந்துதான் இருந்தது. கையில் காசு கூடும்போதுதான் மறந்துபோகிறது.

பட்டணக் காணி சிறிது, முற்றத்துக்கு எங்கே இடம் என்பது மேசனின் அடுத்த கேள்வி. 1960களின் தொடக்கத்தில் கொழும்பு அல்பிரட் பிளேசில் ஈனா டி சில்வாவுக்கு ஜெப்ரி பாவா ஒரு வீடு கட்டினார். ஈனா பத்திக் கலைஞர், கணவர் பொலிஸ் அதிகாரி, பிள்ளைகளும் இருந்தார்கள். அமளியான வீடுதான். வீதிப் பக்கம் மதில். உள்ளே நடு முற்றத்தைப் பார்த்தபடி அறைகள். (பாவாவின் தகப்பன் வழியில் முஸ்லிம் இரத்தமும் உண்டு. சும்மா ஒரு பெருமைக்குச் சொல்கிறேன்.) பிறகு காணி கைமாறியபோது அந்த வீட்டைக் கழற்றிக் கொண்டுபோய், பெந்தோட்டைக்குப் பக்கத்தில் லுணுகங்கவில் திரும்பப் பொருத்தினார்கள். நமது நாற்சார் வீடுகளுக்கு அந்த யோகம் இல்லை. உளுத்த வளையோடு விழுந்து போகின்றன, அல்லது தூண் தூணாக விலைப்படுகின்றன.

எங்களுக்கு ஒன்றரைப் பரப்பு. நாலு பக்கமும் சார் இறக்க முடியாதுதான். ஆனால் நடுவில் பத்தடிக்குப் பத்தடி திறந்த முற்றம் விடலாம், இரண்டு அறையும் குசினியும் அதற்குத் திறக்கலாம். ரீவி ஹோலில் இல்லை, பின்னறையில். வாசலை ஒட்டிச் சுவரில் ஆணியும் தட்டும் ஐந்து பேருக்கு, பைகள் அங்கேயே தொங்கும். முன் விறாந்தை ஆறடி அகலம், ஒரு சீமெந்துத் திண்ணையுடன். எங்கள் வீடுகளில் வெளியாள் வந்தால் இருத்துவதற்கு முன்னால் ஓர் இடம் எப்படியும் வேண்டும். அந்த ஆள் ஹோலுக்குள் வந்தால் பெண்பிள்ளைகள் எல்லாம் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் ஓட வேண்டும். இதைச் சொன்னபோதுதான் இவர் பேசாமல் பென்சிலை வைத்தார்.

ஹோல் பதினாறடியில் இருந்து பன்னிரண்டுக்கு வந்துவிட்டது. அதற்குத்தான் மேசன் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்.

சண்டிலிப்பாய், மானிப்பாய், சங்கானைப் பக்கம் ஆராவது பழைய வீடு இடிக்கிறதாக இருந்தால் சொல்லுங்கள். விறாந்தைக்கு நாலு மரத்தூணும், ஓரளவு நல்ல ஓடும் தேவை. விலை நியாயமாக இருக்கட்டும். ஆசிரியர் சம்பளம் உங்களுக்குத் தெரியும்.